விற்கிற கோழி, தின்கிற கோழி

விடிந்ததிலிருந்து மொர்ஷெதாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொட்டகைக்குப் போனாள், திரும்பினாள். வாசலுக்கு வந்து சாலையை எட்டிப் பார்த்தாள், திரும்பினாள். அடுப்பில் வைத்த தேநீர் பொங்கி வழிந்து நெருப்பையே அணைத்துவிட்டது. அதைத் துடைக்கத் துணி எடுக்கப் போனவள், போன வேலையை மறந்துவிட்டு மறுபடியும் கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. கொள்ளைநோய் வந்தது போல ஒரே அடியாக அல்ல. அப்படி வந்தால் ஊரே திரண்டு வரும், அரசாங்க ஆள் வருவார், நோய்க்கு ஒரு பெயராவது சொல்லிவிட்டுப் போவார். இது வேறு மாதிரி. நேற்று ஒன்றிரண்டு, இன்று நாலைந்து என்று மூலைக்கு மூலை விழுந்தன. விழாதவையும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தீனித் தொட்டியின் பக்கமே வராமல் நின்றன. முட்டையின் ஓடு மெலிந்து, எடுக்கும்போதே விரல் உள்ளே போயிற்று.

மகள் எழுந்திருக்கும் முன்பே செத்ததையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தாள். இன்று ஒரு பகல் தாண்டினால் போதும். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வண்டியோடு வருகிறேன் என்று கோழி வியாபாரி ஹாருன் பேபாரி சொல்லியிருந்தார். மொத்தக் கொட்டகையையும் வாரிக்கொண்டு டாக்காவுக்குப் போய்விடுவார். அப்புறம் இவை செத்தால் என்ன, பிழைத்தால் என்ன.

"நில்லுங்கடி, இன்னிக்கு ஒரு நாள் நில்லுங்கடி" என்று மதியம் தாண்டிய பிறகும் கோழிகளைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தன் குரல் தனக்கே எரிச்சலாக இருந்தது.

"யாரோட பேசறீங்க பாபி? குவைத்துல இருக்கற அண்ணன் கோழியா மாறி வந்துட்டாரா?"

அண்ணன் மனைவியை இப்படிக் கேலி பேசாவிட்டால் மோக்லேசுக்குத் தேநீர் இறங்காது. குளத்தின் அந்தக் கரையில்தான் அவன் தோல் காயவைக்கிற களம். ஆற்றோரத் தோல் ஆலைகளில் சீவி எறிகிற சீவலை லாரியில் வாங்கி வந்து மணலில் பரப்புவான். தோலைப் பதப்படுத்தப் போடுகிற உப்பு ஏறி, சீவல் வெளிர் நீலமாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஊரளவு சேலையைக் காயப்போட்டது மாதிரி தெரியும். பக்கத்தில் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். காய்ந்ததும் அதை வேகவைத்து, மறுபடியும் காயவைத்து, அரைத்து, புரோட்டீன் என்று சாக்கில் அடைப்பான். மாவானதும் நீலம் போய்த் தவிட்டு நிறமாகிவிடும். பார்க்க நல்ல தீனி மாதிரியே இருக்கும்.

"சிரிக்காதே மோக்லேஸ். இன்னிக்கும் விழுந்திருக்கு."

"வெயிலு பாபி. மனுசனே சுருண்டு விழறான், கோழி என்ன ராஜா வீட்டுப் பிள்ளையா?"

"போன வருசமும் இதே வெயில்தான். அப்ப உன் மாவு கிடையாது."

மோக்லேசின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "என் மாவைத் தின்னுட்டுத்தானே போன மாசம் வரைக்கும் கூடை கூடையா முட்டை போட்டுச்சு? அப்ப என்னைக் கூப்பிட்டுப் பாயசம் குடுத்தீங்க. இப்ப மாவு கெட்டதாயிடுச்சா?"

அவன் சொன்னது உண்மைதான், பாயசம் கொடுத்தாள். மொர்ஷெதா ஒன்றும் தெரியாத அப்பாவி இல்லை. அந்த மாவு எதிலிருந்து வருகிறது என்று குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் பார்த்தவள். மீன்தூள் வாங்கி மாளவில்லை என்று அதைத் தொட்டியில் கலந்தவளும் அவள்தான். அதனால்தான் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: விற்கிற கோழி வேறு, தின்கிற கோழி வேறு. கொட்டகைக் கோழியின் முட்டைகூட அவள் அடுப்பில் ஏறாது. வீட்டுக்கு நாட்டுக்கோழி தனி. அதற்குக் கொட்டகைச் சாக்கிலிருந்து ஒரு பிடிகூடப் போடமாட்டாள். காலையில் கூண்டைத் திறந்துவிட்டால் அவை தாமாகப் போய்க் கிளறித் தின்றுவிட்டு, பொழுது சாயும்போது வந்து அடைந்துகொள்ளும்.

அவளை மட்டும் சொல்லி என்ன பயன்? ஊரே அப்படித்தான் நடந்தது. கத்தரிக்காய் பயிரிடுகிறவன் வீட்டுக்கு என்று ஒரு பாத்தி மருந்தடிக்காமல் விடுவான். மீன் வியாபாரி தன் வீட்டு மீனை மருந்துத் தண்ணீரில் முக்கமாட்டான். ஒருவர் விற்பதை ஒருவர் வாங்கித் தின்றுகொண்டு, தன் வீட்டுச் சட்டி மட்டும் சுத்தம் என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதில் ஒருத்திதான் மொர்ஷெதா.

அதுவும் இப்போது மகள் வேறு வந்திருந்தாள். தஹ்மினாவுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை, ஆகவே தாய் வீட்டில்தான் பேறு. வந்து இறங்கியபோது முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரும்போதே இப்படித்தான் வெளுத்து வந்தா" என்று சம்பந்தியம்மாள் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் மொர்ஷெதாவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. மருத்துவச்சி வந்து இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, கோழி ஈரல் குடு, இரைப்பை குடு, ரத்தம் தானா ஊறும் என்றாள். அன்று முதல் ஒன்று விட்டு ஒரு நாள் நாட்டுக்கோழி அறுபட்டது. அறுப்பது மோக்லேஸ். கழுவி, மசாலா அரைத்துச் சமைத்து, ஈரலையும் இரைப்பையையும் கிண்ணத்தில் தனியாகக் கொண்டுவந்து தருவது அவன் மனைவி பாரூல். பாரூலுக்குப் பிள்ளை கிடையாது. தஹ்மினாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்பதால் இந்த ஒரு வேலையை யாருக்கும் விட்டுத்தரமாட்டாள். கொட்டகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மொர்ஷெதாவுக்கும் அது வசதியாக இருந்தது.

வெளுப்பு மட்டும் குறைந்தபாடில்லை. வரும்போது இருந்ததைவிடக் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் வீங்கினாற்போலவும் இருந்தது. கர்ப்பிணிக்கு அப்படித்தான் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, இன்னும் ஒரு துண்டு ஈரல் எடுத்துப் போடுவாள்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பேபாரி இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஒரு பெண் இறங்கினாள். வட்டாரக் கால்நடை ஆபீசின் டாக்டர் ஃபெர்தௌசி. 

"டாக்டர் ஆபா! இவ்வளவு தூரம்... யாரு வரச் சொன்னா?"

"நான்தான்மா போன் போட்டேன்" என்றாள் தஹ்மினா உள்ளிருந்து. இலந்தை ஊறுகாயைச் சப்பிக்கொண்டே வாசல்படிக்கு வந்து நின்றாள். "சாக்குல கட்டி ஒளிச்சு வெச்சா எனக்குத் தெரியாதா? நாத்தம் ஜன்னல் வழியா வருது."

"உன்னை யாருடி கேட்டா? வாய்தான் ஊறுகாய் தின்னுதுன்னா கையும் சும்மா இருக்காதா?"

"திட்டாதீங்க சாச்சி" என்றாள் டாக்டர். அதற்குள் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து கையுறையை எடுத்து மாட்டியாயிற்று. சின்னப் பெண், சட்சட்டென்று வேலை பார்க்கிறவள். "சாக்கைக் கொண்டாங்க, திறந்து பார்த்துடலாம். பத்து நிமிச வேலை."

மொர்ஷெதா சாலையைப் பார்த்தாள். இந்தப் பெண் சீக்கிரம் பார்த்து, ஒரு மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் தேவலை. பேபாரி வரும் நேரத்தில் இவள் இங்கே நின்றால் எல்லாம் கெட்டது. சாக்கை இழுத்து வந்து போட்டாள். மோக்லேஸ் போகாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

வாழையிலையை விரித்து டாக்டர் ஒரு கோழியை மல்லாத்தி, நெஞ்சுக்குக் கீழே கத்தரியை ஓட்டினாள். ஈரல் வெளியே வந்தது. செந்நிறமாக, வழவழவென்று இருக்க வேண்டியது, மஞ்சள் பூத்து, அங்கங்கே திட்டுத்திட்டாக, உள்ளங்கை கொள்ளாமல் வீங்கியிருந்தது. விரலால் லேசாக அழுத்தினாள். ஊறிப்போன பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. முதுகெலும்போடு ஒட்டியிருந்த சிறுநீரகமும் வெளுத்து உப்பிப்போயிருந்தது. இரண்டாவது கோழியிலும் அப்படியே. டாக்டரின் முகத்தில் விளையாட்டுக் குறைந்தது.

"இது கிருமி பண்ற வேலை மாதிரி இல்லையே சாச்சி. என்ன தீனி போடறீங்க?"

"கம்பெனித் தீனிதான்" என்றாள் மொர்ஷெதா.

"வேற எதுவும் கலக்கறதில்லையா?"

மோக்லேஸ் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மொர்ஷெதா மகளைப் பார்க்கவில்லை. "இல்லை."

டாக்டர் எழுந்து நின்று குளத்துக்கு அப்பால் விரிந்துகிடந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.  திரும்பவும் உட்கார்ந்து சொன்னாள்: "தோல் பதப்படுத்தற உப்புல குரோமியம்னு ஒரு உலோகம் இருக்கு. சில தீனியில ஈயமும் வருது. கோழி அதைத் தின்னா எங்க போகும்? ஈரல்தான் வடிகட்டணும், சிறுநீரகம்தான் கழிக்கணும். முடிஞ்சவரைக்கும் பிடிச்சு வெச்சுக்கும். முடியாதப்ப இப்படி ஆயிடும். சோதனைக்கு அனுப்பாம இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா முடிவு வர்ற வரைக்கும் கொட்டகையில இருக்கற ஒண்ணையும் விக்காதீங்க. யாராச்சும் வாங்கித் தின்னுடுவாங்க."

"நல்லா வேகவெச்சா போயிடாதா?" என்று கேட்டாள் தஹ்மினா.

"உலோகம் வெந்து எங்க போகும்? சட்டியில இருந்து சோத்துக்குத்தான் போகும்."

விற்காதே என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து மொர்ஷெதாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. எதையாவது சொல்லி இந்தப் பெண்ணின் வாயை அடைத்தாக வேண்டும். மாவு நல்லது என்று வாதாட அவளுக்கே மனசு வரவில்லை. தன் வீடு நல்ல வீடு என்றாவது காட்ட வேண்டும் போலிருந்தது. "எங்க வளர்ப்புல ஒரு குறையும் கிடையாது ஆபா. வேணும்னா எங்க வீட்டுக் கோழியைப் பாருங்க. அதே வீடு, அதே தண்ணி. ஒரு நாள் தும்மினது கிடையாது."

"வீட்டுக் கோழியா? வேற தீனியா?"

"தீனியே கிடையாது. தானா மேயறது. பாருங்களேன்!"

டாக்டருக்கும் அது தேவையாக இருந்தது. நோயில்லாத ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்றாள். மொர்ஷெதா இருந்ததிலேயே கொழுத்ததாக, பளபளவென்று மின்னும் சிவப்புப் பெட்டையைத் துரத்திப் பிடித்தாள். அடுத்த முறை மகளுக்கென்று நினைத்து வைத்திருந்தது. மோக்லேஸ் பிஸ்மில்லா சொல்லி அறுத்தான். "பாருங்க ஆபா, பாருங்க" என்று மொர்ஷெதாவே இன்னொரு வாழையிலையை விரித்துப் போட்டாள். கல்யாணத்துக்குப் பெண்ணைக் காட்டுகிறவள் மாதிரி ஒரு பெருமை முகத்தில்.

கத்தரி ஓடியது.

ஈரல் மஞ்சளாக இருந்தது. கொட்டகைக் கோழியுடையதைவிட மஞ்சளாக. ஓரத்தில் தொட்டதுமே பிய்ந்து வந்தது.

 கல்லும் மணலும் கொண்டு இரையை அரைக்கிற இரைப்பையை டாக்டர் எடுத்து, நடுவில் கீறி, புத்தகத்தைப் போல விரித்தாள். உள்ளே நெல் உமி கொஞ்சம், இரண்டு கூழாங்கல். மீதியெல்லாம் நீலம். நனைந்து, சுருண்டு, நூல் நூலாகத் திரண்ட வெளிர் நீலச் சீவல்.

மொர்ஷெதா குனிந்து பார்த்தாள். அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு தலையை நிமிர்த்திக் குளத்தின் அந்தப் பக்கம் பார்த்தாள். களத்து மணலில், ஈரச் சீவலின் மேல், அவளுடைய நாட்டுக்கோழிகள் காலால் வாரி வாரிக் கிளறிக்கொண்டிருந்தன. அழுகும் தோலில் புழு வைக்கும்; புழுவைத் தேடிப் போனவை சீவலையும் சேர்த்து விழுங்கின. இன்று நேற்றல்ல, களம் வந்த நாளிலிருந்து அங்கேதான் மேய்ந்தன. அவள் தினமும் பார்த்த காட்சி. நம்ம கோழி எவ்வளவு தெம்பாக் கிளறுது பார் என்று பாரூலிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். கொட்டகைக் கோழிக்குத் தீனியில் ஒரு பிடி கலந்தாள். அதுவும் வேகவைத்து அரைத்தது. தின்கிற கோழியோ பச்சையாக, வயிறு முட்ட, நாள் முழுக்கத் தின்றது. விஷம் சாக்கில் மட்டும்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு கோழிதான்..." என்று ஆரம்பித்தாள்.  "இது ஒண்ணுதான் அந்தப் பக்கம் போயிருக்கும். இது எப்பவுமே ஊர் சுத்தற கழுதை."

"இதையா நான் தின்னுட்டிருக்கேன்?" என்றாள் தஹ்மினா.

ஊறுகாய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு கை வயிற்றின் மேல் போயிருந்தது. டாக்டர் தஹ்மினாவைப் பார்த்தாள், மொர்ஷெதாவைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் விளங்கியது.

"ஈரலா குடுத்தீங்க?"

"ரத்தம் ஊறும்னாங்க..." மொர்ஷெதா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறையில் இருந்த ரத்தம் அவள் கையிலும் ஒட்டியது. "நான் பொய் சொன்னேன் ஆபா. மாவு கலந்தேன். கொட்டகைக்கு நான்தான் கலந்தேன். இவளுக்கு இல்லை, சத்தியமா இவளுக்கு இல்லை. இவளுக்கு நல்லதாப் பாத்துப் பாத்துத்தானே குடுத்தேன். என் புள்ளைக்கு என்ன ஆகும்? வயித்துல இருக்கறதுக்கு என்ன ஆகும்?"

"நான் கோழி டாக்டர், சாச்சி. தெரியாததைச் சொல்ல மாட்டேன்." டாக்டரின் குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணும் ஆகாமலும் போகலாம். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம், சிறுநீர் ரெண்டும் பாக்கணும், என்ன தின்னாங்கன்னு ஒளிக்காம சொல்லணும். நான் முன்னாடி போய் அங்க டாக்டர்கிட்ட பேசறேன். இந்த ஈரலையும் எடுத்துட்டுப் போறேன். இனி ஒரு துண்டு வாயில வைக்கக் கூடாது."

அவள் ஐஸ் டப்பாவில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கிளம்பினாள். தஹ்மினா உள்ளே போய்த் துப்பட்டாவை மாற்றிக்கொண்டு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் மொர்ஷெதாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். முக்குக் கடையிலிருந்து பாட்டரி ரிக்ஷாவைக் கூட்டிவர மோக்லேஸ் ஓடினான். ஓடுவதற்கு முன் ஒரு தடவை நின்று, "பாபி, களத்தைப் பத்தி மட்டும் வெளிய வாய் திறக்காதீங்க. நான் ஒழிஞ்சே போயிடுவேன்" என்றான். அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

சாவியைத் தேடினாள். செருப்பைத் தேடினாள். மகளின் மருத்துவச் சீட்டு எங்கே என்று தலையணையைப் புரட்டினாள். ஒரே ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள்: இந்த ஒரு கோழிதான் கெட்டது, மற்றவை நல்லவை, முன்பு அறுத்ததெல்லாம் நல்லவை.

குளத்துக் கரை வழியாகப் பாரூல் வந்தாள். கையில் அந்தக் கிண்ணம், மேலே தட்டு மூடி. காலையில் மோக்லேஸ் அறுத்துவைத்த கோழியுடையது.

"தஹ்மினா எங்க? சூடா இருக்கும்போதே சாப்பிடச் சொல்லுங்க பாபி. இன்னிக்கு மிளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன், அவளுக்குப் பிடிக்கும்."

மொர்ஷெதா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். வாசலில் கிடந்த வாழையிலையைக் காட்டினாள். "பாரூல், இதைப் பாரு. இரைப்பையில. நீ இதுக்கு முன்னாடி கழுவின கோழியில எதுலயாச்சும் இப்படிப் பாத்திருக்கியா?"

பாரூல் எட்டிப் பார்த்தாள். ஒரு ஆச்சரியமும் இல்லை அவள் முகத்தில்.

"அந்த நீலமா? அது எல்லாத்துலயும் இருக்குமே பாபி. நம்ம களத்துத் தோலுதான். பயப்படாதீங்க, நான் சுண்ணாம்பு போட்டு நல்லாத் தேச்சுக் கழுவிடுவேன். ஒரு துளி இருக்காது."

சொல்லிவிட்டுப் பாரூல் பாராட்டை எதிர்பார்த்து நின்றாள். பாவம், அவளைக் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை. இந்த வீட்டில் தஹ்மினாவை அன்பாகக் கவனிக்காதவர் ஒருவர்கூட இல்லை.

ஹாரன் சத்தம் கேட்டது. முக்கில் திரும்பிய ரிக்ஷாவுக்குப் பின்னால், கூண்டுகள் குலுங்கக் குலுங்க ஹாருன் பேபாரியின் வண்டியும் வந்து சேர்ந்தது. தஹ்மினா ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்தாள். பேபாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு இறங்கினார்.

"என்ன பாபி, வாசனை ஆளைத் தூக்குது! ஈரலா? வெளியூர்க்காரன் வந்திருக்கேன்னு ஒரு வாய் குடுக்கக் கூடாதா?" கொட்டகையை நோக்கி நடந்துகொண்டே பேசினார். "இப்பல்லாம் கறியைவிட ஈரல், இரைப்பைக்குத்தான் கிராக்கி. தனியா எடுத்து வெச்சிடறோம். புள்ளத்தாச்சிக்கு, சீக்காளிக்குன்னு தேடி வந்து வாங்கிட்டுப் போறாங்க. கதவைத் திறங்க, வெயில் தாழறதுக்குள்ள ஏத்திடலாம்."

மொர்ஷெதா போய்க் கொட்டகைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கிண்ணம் கையிலேயே இருந்தது.

"தர மாட்டேன்."

"என்னது?"

"கோழி தர மாட்டேன். விஷம் ஏறியிருக்கு. தோல் மாவு போட்டு வளத்தேன், ஈரல் அழுகிப்போயிருக்கு. இதைத் தின்னா உங்க ஊர்ல எவ பெத்த பொண்ணோ..."  ரிக்ஷாவின் பக்கத்தில் நின்ற மோக்லேஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பேபாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இதை ஏன் பாபி என்கிட்ட சொல்றீங்க? நான் கேட்டேனா? ஊர்ல எல்லாக் கொட்டகையிலயும் இதுதானே நடக்குது." பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி விடுங்க. சொன்னது சொல்லிட்டீங்க. பாதி விலைக்குக் குடுக்கறீங்களா?"

நேற்று யாராவது இப்படிக் கேட்டிருந்தால் மொர்ஷெதாவும் சரி என்றிருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. பேபாரி கத்தவில்லை, இவள்தான் கத்தினாள். போங்க, போங்க என்று தொண்டை கிழியக் கத்தினாள். வண்டியில் இருந்த ஆட்கள் கூண்டைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றார்கள். "பைத்தியம் பிடிச்சுடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பேபாரி வண்டியில் ஏறினார். அடுத்த கொட்டகைக்குத்தான் போவார்.

"அம்மா, வாங்க" என்று ரிக்ஷாவிலிருந்து தஹ்மினா கூப்பிட்டாள்.

மொர்ஷெதா கொட்டகையைப் பூட்டினாள். அப்போதுதான் கையில் இருந்த கிண்ணம் நினைவுக்கு வந்தது. கொட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். எங்கே கொட்டுவது? எச்சில் சோறு, மீந்த குழம்பு எல்லாம் எப்போதும் கோழிக்குத்தான் போகும். இதோ களத்திலிருந்து திரும்பிய நாட்டுக்கோழிகள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுக் காலைச் சுற்றிக் கொக்கரிக்க ஆரம்பித்துவிட்டன. மண்ணில் கொட்டினால் கொத்தித் தின்றுவிடும். குளத்தில் கொட்டினால் மீன் தின்னும், மீனை இவர்கள் தின்ன வேண்டும். பக்கத்து வீட்டு நாய் வாசலில் வாலாட்டியது. அவள் இந்தப் பக்கம் நாலு அடி வைத்தாள், அந்தப் பக்கம் நாலு அடி வைத்தாள். கோழிகளும் கூடவே ஓடின.

"அம்மா, நேரமாகுது."

வேறு வழியில்லாமல் கிண்ணத்தோடு போய் ரிக்ஷாவில் ஏறினாள். மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடலாம், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். ரிக்ஷா குலுங்கிக்கொண்டு தார்ச்சாலையில் ஏறியது. மூடியின் இடுக்கு வழியாக மிளகு மணம், சூட்டோடு, இருவர் முகத்திலும் அடித்தது.

தஹ்மினா காலையிலிருந்து ஊறுகாயைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவள், கொஞ்ச தூரம் போனதும், வழக்கம் போலவே, சின்னக் குழந்தை மாதிரி சொன்னாள்:

"பசிக்குதும்மா."

மொர்ஷெதா மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.